எல்லாக் கையும் மேலே

தலங்கான் கடற்கரைப் பள்ளிக்கூடத்தின் பாலர் வகுப்பு டீச்சர் கிறிஸ்பினா அந்த ஜூன் மாதம் யாரும் எதிர்பாராத ஒரு காரியத்தைச் செய்துவிட்டாள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் மூலகாரணம்.

எழுத்தின் பெயரை அவள் சொல்லித் தரவில்லை, எழுத்து போடும் சத்தத்தைச் சொல்லித் தந்தாள். வாழைப்பழத்தை வாயில் அடைத்துக்கொண்டு எல்லோரும் 'ம்ம்ம்' என்றார்கள், அது ஒரு எழுத்து. பழைய சைக்கிள் டியூபைத் தரையில் இழுத்து, பாம்பு பாம்பு என்று துரத்தி 'ஸ்ஸ்ஸ்' என்றார்கள், அது இன்னொரு எழுத்து. பல் டாக்டர் விளையாட்டில் வாயைப் பிளந்து 'ஆ' என்றார்கள். பிறகு அட்டையில் சோற்றுப் பசையைத் தடவி, எழுத்தின் வளைவு நெளிவு பார்த்துச் சோள விதையை ஒட்டினார்கள். ஒட்டியது பாதி, சிந்தியது பாதி. கை, மூக்கு, தலைமுடி எல்லாம் பசை. அந்த வகுப்பறைக்குப் பன்றிக் கொட்டில் தேவலை என்று பக்கத்து வகுப்பு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். குழந்தைகளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அந்த வகுப்பில்தான் லிவாய் படித்தாள். ட்ரைசிக்கிள் ஓட்டுகிற நெஸ்தோரின் ஒரே மகள். மோட்டார் சைக்கிளோடு தகரக் கூண்டு பூட்டிய அந்த வண்டியில்தான் காலையும் மாலையும் அவளுக்கு ஊர்கோலம். கோழியைப் பார்த்தால் 'ஸ்ஸ்ஸ்' என்பாள், பாதிரியாரைப் பார்த்தாலும் 'ஸ்ஸ்ஸ்' என்பாள். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் வண்டி சந்தைத் திருப்பத்தில் போகும்போது, அவித்த சோளம் விற்கிறவள் தொங்கவிட்டிருந்த அட்டையைப் பார்த்து வாயை அசைத்தாள்.

"ம்ம்ம்... ஆ... இ... ஸ்ஸ்ஸ்... மாயிஸ்! அப்பா, மாயிஸ்! சோளம்னு எழுதியிருக்குப்பா!"

நெஸ்தோர் திரும்பிப் பார்த்த பார்வையில் வண்டி சாக்கடைக்குள் போகப் பார்த்தது. சாக்கடைக்குள் போயிருந்தாலும் அவன் வருத்தப்பட்டிருக்க மாட்டான். அவனுக்குள் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. இளவட்டமாக இருந்தபோது கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நகரத்துக்குப் போனான். உடம்பு பரீட்சையில் முதல் ஆள். எழுத்துப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துத் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவனோடு போனவர்கள் எல்லாம் ஊரில் மாடி வீடு கட்டிவிட்டார்கள். இவன் அவர்கள் வீட்டு வாசலில் சவாரிக்கு நிற்கிறான்.

அன்று ராத்திரி மனைவி மெர்லியிடம் சொன்னான்: "நம்ம வீட்டுல ஒரு ஆளாவது தாளைப் பார்த்துத் திக்காமப் படிக்கணும்டி. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

"அதான் கடைப் பேரெல்லாம் படிச்சுக் கழுத்தறுக்கிறாளே" என்றாள் மெர்லி. முகமெல்லாம் சிரிப்பு.

இந்தச் செய்தி எப்படியோ மாவட்டக் கல்வி அலுவலகத்தின் காதுக்கு எட்டிவிட்டது. குழந்தைகள் விளையாடிக்கொண்டே எழுத்துச் சத்தம் கற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அலுவலகம் சும்மா இருக்குமா? மாவட்டம் முழுக்க ஒரு போட்டியை அறிவித்தது. 'ஒலி இன்ப விளையாட்டு அறை' என்று பெயர். பிப்ரவரியில் மேற்பார்வையாளர் டாக்டர் மக்பந்தாய் நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். அலங்காரத்துக்கு மதிப்பெண், புகைப்பட ஆதாரத்துக்கு மதிப்பெண், விருந்தினர் வரவேற்புக்கு மதிப்பெண், அறை வாசனைக்குக்கூட மதிப்பெண். வாசிப்புக்கு மதிப்பெண் உண்டா என்று யாரோ ஒரு டீச்சர் தொலைபேசியில் கேட்டாளாம். அது அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்ததாம்.

தலைமை ஆசிரியை பெலிசிதாஸ் உடனே பெற்றோர் கூட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லா அப்பனும் டாடி, எல்லா அம்மாவும் மம்மி. செருப்பில்லாமல் வந்திருந்த மீனவன்கூட டாடிதான். தலைமை ஆசிரியை மட்டும் எல்லோருக்கும் 'மாம்'.

"டாடிகளே, மம்மிகளே! குழந்தைங்க விளையாடிக்கிட்டே கத்துக்கணும்னு ஆபீஸ்ல உத்தரவு போட்டுட்டாங்க. ரொம்பப் பெருமையான விஷயம். அதனால நாளையிலேருந்து விளையாட்டை எல்லாம் நிறுத்தறோம். அறையைத் தயார் பண்ணணும்ல?"

எல்லோரும் கைதட்டினார்கள். நெஸ்தோரும் தட்டினான். தட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு ஏதோ இடறியது. பக்கத்தில் இருந்தவனிடம், "விளையாட்டை நிறுத்தறோம்னா சொன்னாங்க?" என்று கேட்டான். "படிச்சவங்க சொன்னா ஏதாவது அர்த்தம் இருக்கும், சும்மா இருப்பா" என்றான் அவன்.

மறுநாளிலிருந்து குழந்தைகள் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள், பெற்றோர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்தார்கள். அம்மாக்கள் வண்ணத் தாளை வெட்டினார்கள், அப்பாக்கள் முட்டை அட்டையில் சாயம் பூசினார்கள். கட்டுமரம் இழுக்கிற கைகள் பூவிதழ் வெட்டின. குழந்தைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பெரியவர்கள் நன்றாக விளையாடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பொறாமை.

நெஸ்தோருக்கு 'ம்ம்ம்' எழுத்து ஒதுக்கப்பட்டது. இரண்டு நாள் சவாரியை விட்டுவிட்டு, ஒட்டுப்பலகையில் ஆள் உயரத்துக்கு அறுத்து, தேய்த்து, சிவப்புச் சாயம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். பெலிசிதாஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"டாடி, இது ரொம்ப நேர்த்தியா இருக்கே. பெரியவங்க செஞ்ச மாதிரி."

"பெரியவன்தானே மாம் செஞ்சேன்?"

"குழந்தை செஞ்ச மாதிரி இருக்கணும் டாடி. அதுதானே இந்தத் திட்டத்தோட உயிரே!"

நெஸ்தோர் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய் ஒரு காலைக் கொஞ்சம் கோணலாக்கி, சாயத்தைச் சற்று அப்பி, திரும்பக் கொண்டுவந்தான்.

"ஐயோ, இது அசிங்கமா இருக்கே! குழந்தை செஞ்ச மாதிரி இருக்கணும், ஆனா பார்க்க லட்சணமா இருக்கணும்."

"மாம், அப்ப ஒண்ணு செய்யலாமே. குழந்தைங்க செஞ்சதே இருக்கே, சோளம் ஒட்டினது. அதையே மாட்டிடலாமே?"

பெலிசிதாஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதை எல்லாம் எடுத்து எரிச்சாச்சு டாடி. எறும்பு வருது."

லிவாயின் சோள அட்டையும் அதில் போயிற்று. அவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. "என் ஸ்ஸ்ஸ்-ஐ எரிச்சுட்டாங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நெஸ்தோருக்கு யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் வண்டி டயரை எட்டி உதைத்தான்.

அடுத்தது புகைப்பட ஆதாரம். வருஷம் முழுக்க விளையாட்டு நடந்ததற்குப் படம் வேண்டும் என்றது அலுவலகம். ஆளுக்கு ஐந்தாறு சட்டை கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு மத்தியான வேளையில் ஒரு வருஷம் நடந்து முடிந்தது. பெலிசிதாஸ் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "செப்டம்பர்! களிமண்ணைத் தொடு! சிரி! எடுத்தாச்சா? களிமண்ணை வை! சட்டையை மாத்து! அக்டோபர்!" என்று கத்தினாள். டிசம்பருக்குச் சிவப்புத் தொப்பி. ஜனவரிக்குத் தலையைத் தண்ணீர் தொட்டு வேறு பக்கம் வகிடு எடுத்தார்கள். ஒரு பொடியன் செப்டம்பர் களிமண்ணை வைக்காமல் அக்டோபருக்குள் கொண்டு போய்விட்டான் என்பதற்காக அவனை மூலையில் நிறுத்தினார்கள். அவன் மட்டும்தான் அன்று உண்மையில் விளையாடியவன்.

படம் எடுத்து முடிந்ததும் களிமண், மணல் தட்டு, மரத் துண்டுகள் எல்லாவற்றையும் விளையாட்டு மூலையில் அடுக்கி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு, சுற்றிலும் ரிப்பன் கட்டினார்கள். 'தொட்டு விளையாடி மகிழ்க' என்று அழகான எழுத்தில் ஒரு பலகை. அதற்குக் கீழே, டாக்டர் மக்பந்தாய் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று இன்னொரு பலகை.

ஒரு சாயங்காலம் நெஸ்தோர் பொறுக்க மாட்டாமல் டீச்சர் கிறிஸ்பினாவைப் பள்ளி வாசலில் பிடித்தான்.

"டீச்சர், என் பொண்ணு ஆகஸ்ட்ல கடை போர்டு படிச்சா. இப்ப ஜனவரி ஆச்சு. புதுசா ஒரு எழுத்து வரலியே டீச்சர்?"

கிறிஸ்பினா தரையைப் பார்த்தாள். கை நகமெல்லாம் பசை. அது சோற்றுப் பசை இல்லை, கடைப் பசை. "டாடி, எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. மாம் சொல்றதைக் கேக்காம நான் என்ன செய்ய முடியும்? மார்ச்ல எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்துடறேன். சத்தியமா." அவள் குரலில் இருந்த வெட்கத்தைக் கேட்டு நெஸ்தோரே பயந்துவிட்டான்.

பிப்ரவரி வந்தது, ஒத்திகை தொடங்கியது. இங்கேதான் பெலிசிதாஸ் தன் மேதைமையைக் காட்டினாள். டாக்டர் மக்பந்தாய் கேள்வி கேட்கும்போது வகுப்பில் எல்லாக் கையும் மேலே எழ வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். ஆனால் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத பிள்ளையை டீச்சர் தவறிக் கூப்பிட்டுவிட்டால்? அதற்கொரு ஏற்பாடு: பதில் தெரிந்தால் வலது கையைத் தூக்கு, தெரியாவிட்டால் இடது கையைத் தூக்கு. டீச்சர் வலது கையை மட்டும் கூப்பிடுவாள். எல்லோரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், முக்கியமாக இடது கைக்காரர்கள்.

லிவாய் பிறந்ததிலிருந்து இடது கைப் பழக்கக்காரி. கரண்டி பிடிப்பது, கல் எறிவது, கோழியை விரட்டுவது எல்லாம் இடது. பதில் தெரிந்தால் அவளுக்கு ஆவல் தாங்காது, இடது கை தானாக மேலே பறந்துவிடும். தெரியாவிட்டால் நின்று நிதானித்து, எது வலது என்று யோசித்து, பத்திரமாக வலது கையைத் தூக்குவாள்.

வீட்டில் வந்து சொன்னாள்: "அப்பா, எந்தக் கைன்னு நினைச்சுப் பார்த்தா எழுத்து மறந்துடுது. எழுத்தை நினைச்சா கை மறந்துடுது."

"கையை விட்டுத் தள்ளும்மா. நீ எழுத்தைப் புடி."

"இல்லப்பா. மாம் என்னை இடது வரிசையில உக்காரச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதாம். கூப்பிட்டாலும் பேசக் கூடாதாம்."

நெஸ்தோர் மறுநாள் பெலிசிதாஸின் அறை வாசலில் போய் நின்றான். "மாம், என் பொண்ணு இடது கைக்காரி. அவளுக்குப் படிக்கத் தெரியும். ஒரு அட்டையைக் காட்டிக் கேட்டுப் பாருங்களேன்."

"ஐயோ டாடி, வரிசை எல்லாம் முடிவாகி வர்ணம் பார்த்து உக்கார வெச்சாச்சு. உங்க பொண்ணு மஞ்சள் கவுன். அவளை வலப்பக்கம் மாத்தினா ரெண்டு மஞ்சள் பக்கத்துப் பக்கத்துல வந்துடும். பார்க்க நல்லாவா இருக்கும்?"

வர்ணத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வந்துவிட்டான். வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. பள்ளி வாசலில் டாக்டர் மக்பந்தாயின் முகம் போட்ட பிளெக்ஸ். வாசல் போதாதென்று வகுப்பறை ஜன்னல் மேலும் ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். வெளிச்சம் வரவில்லை, விளக்குப் போட்டுக்கொண்டார்கள். அவர் முகத்துக்குக் கீழே, மோவாய் மடிப்பின் ஓரத்தில், பொடிப் பொடியாக எழுத்துகள் அச்சாகியிருந்தன. அதுதான் பாடம். சமையல் கொட்டகையில் முழுப் பன்றி ஒன்று மூங்கிலில் சுழன்று சிவந்துகொண்டிருந்தது. காலையில் வருவதாகச் சொன்ன டாக்டர் மக்பந்தாய் மத்தியானம் வந்தார். அதுவரை குழந்தைகளைத் தண்ணீர் குடிக்க விடவில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போவார்கள், உடுப்பு கசங்கும்.

கழுத்து நிறைய சிப்பி மாலையோடு அவர் பேசினார்.

"நான் சுத்தாத பள்ளிக்கூடம் இல்ல. என் காலத்துல ஒரு குழந்தைகூடத் தப்பான பதில் சொல்லி நான் கேட்டதில்ல. எப்படி இந்தச் சாதனை? கேள்வி கேக்கறதைக் குறைச்சேன். குழந்தைகிட்டக் கேள்வி கேட்டா அது யோசிக்கும். யோசிச்சா நேரமாகும். நேரமானா நிர்வாகம் என்ன ஆகறது? படிப்புங்கறது வெளியில தெரியணும். தெரியாத படிப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இந்த அறையைப் பாருங்க. ஒரு தூசி, ஒரு விரல் அடையாளம் இல்ல. குழந்தைங்க இருக்கிற இடமாவா தெரியுது?"

பலத்த கைதட்டல். பிளெக்ஸ் ஓரத்தில் இருந்த இடுக்கு வழியாக நெஸ்தோர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் மக்பந்தாயின் காதுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே அவன் முகம்.

பாடம் தொடங்கியது. கிறிஸ்பினா ஓர் அட்டையைத் தூக்கினாள். எல்லாக் கையும் மேலே. வலது வரிசையில் ஒரு பையனைக் கூப்பிட்டாள். ஒரு வாரமாக அதே அட்டைக்கு அதே பதிலைச் சொல்லி வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். கைதட்டல். இரண்டாவது அட்டை. எல்லாக் கையும் மேலே. லிவாயின் இடது கை எல்லாவற்றுக்கும் மேலே, நாற்காலியை விட்டு எம்பிக்கொண்டு. டாக்டர் மக்பந்தாய்க்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது.

"இருங்க டீச்சர். நானே கூப்பிடறேன். அந்த மஞ்சள் கவுன் பாப்பா! நீ சொல்லு."

இதற்கும் ஏற்பாடு இருந்தது. இடது கை மாட்டிக்கொண்டால் பின்வரிசையில் தம்பட்டத்தோடு நிற்கும் மம்மி ஒருத்தி 'பட்டாசுக் கைதட்டல்' தொடங்க வேண்டும். வகுப்பே எழுந்து கையைத் தேய்த்து 'ஷ்ஷ்ஷ்' என்று மேலே ஏற்றி 'டமார்' என்று வெடிக்க வேண்டும். பெலிசிதாஸ் கைக்குட்டையை அசைத்தாள்.

லிவாய் எழுந்து நின்றாள். பேசக் கூடாது என்று சொன்னது அவளுக்கு மறந்துபோயிற்று. கேட்டது பெரிய மனிதர், அட்டையில் இருந்தது நாய்க்கு அவர்கள் பாஷையில் உள்ள சொல், எல்லாம் அவளுக்குத் தெரிந்த எழுத்துகள்.

"ஆ... ஸ்ஸ்ஸ்..."

"ஷ்ஷ்ஷ்..." என்று எழுந்தது வகுப்பு. தம்பட்டம் அதிர்ந்தது. "டமார்!"

அவள் வாய் அசைந்தது நெஸ்தோருக்குத் தெரிந்தது. உதடு குவிந்து 'ஓ' என்று முடிந்தது. ஆசோ. நாய். படித்துவிட்டாள்! முழுசாகப் படித்துவிட்டாள்!

"படிக்கிறா! என் பொண்ணு படிக்கிறா! கேளுங்க, கேளுங்க சார்!" என்று பிளெக்ஸுக்குப் பின்னால் இருந்து கத்தினான். வெளியே நின்ற பெற்றோர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து "டமார்! டமார்!" என்று கத்தத் தொடங்கினார்கள். லிவாய் இன்னொரு தரம் சொன்னாள். இன்னொரு டமார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாக உட்கார்ந்து, அவளும் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"அபாரம்!" என்றார் டாக்டர் மக்பந்தாய். "போதும் டீச்சர். இனி ஒண்ணும் கேக்க வேணாம். எல்லாக் கையும் மேலே! இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? பன்றி ரெடியா?"

பன்றி ரெடியாக இருந்தது. மொறுமொறுப்பான தோலை அவர் கடித்த சத்தம் ஜன்னல் வரை கேட்டது. ரிப்பனை வெட்டி, பிளாஸ்டிக்கை விலக்கி, களிமண்ணை அவரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். படம் எடுத்தார்கள். களிமண் காய்ந்து கல்லாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான் நெஸ்தோர். சுவரோரம் போய் நின்று துப்பினான்.

பரிசு தலங்கானுக்குத்தான். அதை வழங்கும் விழாவில் டாக்டர் மக்பந்தாய் மனம் திறந்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல வலது கை, இடது கைன்னு ஒரு ஏற்பாடு இருக்குதுன்னு பின்னால தலைமை ஆசிரியையே என்கிட்டச் சொன்னாங்க. நான் கோபப்படலை. ஏன்னா நான் வாத்தியாரா இருந்தப்பவே அதைச் செஞ்சவன். அன்னிக்கு அதுக்குப் பேரு தில்லுமுல்லு. இன்னிக்கு நான் இந்தப் பதவியில இருக்கேன், அதனால இதுக்குப் பேரு முறை. 'இரு கை முறை' இனி மாவட்டம் பூராவும் நடைமுறைக்கு வரும். இனிமே ஒவ்வொரு குழந்தையாக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கஷ்டப்படுத்த வேணாம். கையைப் பார்த்தாலே போதும்."

மார்ச் மாதம் முதல் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும் நாளில் அப்படியே செய்தார்கள். எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, படிக்கத் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி. எல்லாக் கையும் மேலே. வலது கைப் பிள்ளைகள் புதுக் கட்டடத்து முதல் பிரிவுக்குப் போனார்கள். இடது கைப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால், உடைந்த நாற்காலி போடும் கொட்டகைக்கு. அந்தப் பிரிவுக்கு இன்னும் டீச்சர் போடவில்லை. போடும்போது போடுவார்கள். லிவாய் ஆவல் தாங்காமல் இடது கையைத் தூக்கியிருந்தாள்.

இந்தத் தடவை நெஸ்தோர் வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே போய்விட்டான்.

"மாம், அவளுக்குப் படிக்கத் தெரியும். இப்பவே கூட்டியாரேன். ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் கொட்டகைக்குப் போடுங்க, நான் வாயைத் திறக்கலை."

கிறிஸ்பினா ஓரத்தில் உட்கார்ந்து, கழற்றிய அலங்காரங்களை அடுத்த ஆண்டுக்காகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மாம், நிஜம்தான், அவ படிப்பா" என்று முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரு பினா. உன் நிரந்தர உத்தரவு என் மேசையிலதான் இருக்கு." பெலிசிதாஸ் நெஸ்தோர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நிஜமான அன்போடு பேசினாள். "டாடி, உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். இப்ப நான் கேட்டு, அவ படிச்சுட்டான்னு வெச்சுக்குங்க. இடது கையில ஒரு பிள்ளை படிக்குதுன்னு ஆயிடும். அப்புறம் வலது கையில எத்தனை படிக்கலைன்னு எவனாவது கேப்பான். மாவட்டம் பூரா கேப்பான். டாக்டர் சார் முகத்துல எப்படி முழிக்கிறது? ஒரு குழந்தை படிக்குதுங்கறதுக்காக ஒரு முறையையே கெடுக்கறதா? ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி ஒருதரம் கை பார்ப்போம். லீவு ரெண்டு மாசம் இருக்கு. வலது கையைப் பழக்குங்க. அது போதும், நானே முதல் பிரிவுல போட்டுடறேன்."

நெஸ்தோருக்கு அவள் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தொப்பியைக் கழற்றி, "நன்றி மாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வந்த பிறகு அந்த நன்றி வாயில் கெட்டுப்போன மீன் மாதிரி நாறியது. இரண்டு தடவை வாய் கொப்பளித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டே போனான். கொட்டகையாவது கட்டடமாவது. நானே சொல்லித் தருகிறேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தருகிறேன், தெரியாததை யாரையாவது கேட்டுத் தருகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசி மூட்டையைத் திருப்பிப் போட்டு, அதில் கொட்டை எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினான்.

"லிவாய், இங்க வாம்மா. இதைப் படி பார்ப்போம்."

அவள் ஓடி வந்தாள். வாயை அசைக்கவில்லை. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் பாவாடையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வலது கையை மேலே தூக்கினாள். கோணாமல், நடுங்காமல், நேராக.

"பார்த்தீங்களா அப்பா? மத்தியானத்துலேருந்து பழகறேன். வந்துடுச்சு!"

"கை கிடக்கட்டும்மா. இது என்ன எழுத்து, சொல்லு. முதல்ல என்ன சத்தம்?"

லிவாய் மூட்டையைப் பார்க்கவே இல்லை. தூக்கிய கையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

"வலது கை தூக்கினவங்க படிக்க வேணாம்பா. அவங்களுக்குத்தான் தெரியுமே."